களியோடு வெல்லம், கசப்போடு இனிப்பு

முதியோரின் தட்டில் காணும் விந்தையான சேர்க்கைகளுக்குப் பின்னால், பஞ்சமும் பருவமும் பக்தியும் கலந்த நெடுங்கதை ஒன்று உண்டு.

மத்தூர் என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில், பெங்களூரு–மைசூரு இரயில் பாதையில் இருப்பது, வடைக்குப் புகழ்பெற்றது. மற்றொன்று தமிழகத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது. அந்த வடைக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. ஆனால், உணவைப் பற்றிச் சொல்லுவதற்கு இந்த மத்தூர்ச் சீமையிடமும் நிறையவே இருக்கிறது. அதை அறிய உணவகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. வயதில் மூத்தவர்கள் வாழும் வீடுகளில், அவர்கள் உண்ணும் தட்டைக் கவனித்தாலே போதும்.

சூடான கேழ்வரகுக் களியின் நடுவே விரலால் குழி செய்து, அதில் நெய்யும் வெல்லமும் இட்டு உண்பார் ஒரு பாட்டி. மோர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயை விலக்கிவிட்டு, பழுத்த மாம்பழத்தைக் கேட்பார் ஒரு தாத்தா. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடுவார் ஒருவர். அடைக்கு வெண்ணெயும் வெல்லமும் வேண்டும் என்பார் மற்றொருவர். இனிப்பு ஒப்பட்டை மிளகும் புளியும் மணக்கும் சாற்றோடு மாறி மாறி உண்பவர்களும் உண்டு. உப்புமாவின் மேல் ஒரு கரண்டிச் சர்க்கரை தூவிக்கொள்வோரும், தேநீரில் முறுக்கை நனைத்து உண்போரும் எல்லா ஊர்களிலும் உண்டு.

இவற்றைக் காணும் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “இதையும் அதையும் சேர்த்து எப்படித்தான் சாப்பிடுகிறீர்களோ!” என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அதற்கு ஒரு விளைவு உண்டு. இரண்டு முறை சிரிப்பைக் கேட்ட முதியவர், மூன்றாம் முறை தமக்கு வேண்டியதைக் கேட்பதில்லை. “எனக்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், இருப்பதைக் கொடுங்கள்” என்று சொல்லிவிடுகிறார். வீட்டார் அதைப் பெருந்தன்மை என்று எண்ணுகிறார்கள். நாளடைவில் அவர் உண்ணும் அளவு குறைகிறது, உடலும் மெலிகிறது.

மத்தூரைச் சுற்றியுள்ள பகுதியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி என மூன்று திசைகளிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ளன. கம்பெனிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று விடியலில் ஒருவர் கிளம்ப, இரவு ஷிப்டு முடிந்து மற்றொருவர் வீடு திரும்புகிறார். குடும்பமாக அமர்ந்து உண்ணும் வேளை வாரத்தில் ஒரு நாள் வாய்த்தாலே பெரிது. முதியவர் தனியே உண்கிறார். அவர் தட்டில் என்ன இருந்தது என்பதை அறிந்தவர் அந்த வீட்டில் வேறு எவரும் இல்லாமல் போகலாம்.

ஆகவே, அந்தச் சேர்க்கைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது வெறும் சுவைக் கதையன்று. அது முதியோரை அறிந்துகொள்ளும் வழி.

வயலில் சேர்ந்தவை, தட்டிலும் சேர்ந்தன

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியோ 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. பெயர்கள் மாறினாலும் மண் மாறவில்லை. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. நெல் விளையும் நிலம் குறைவு. கேழ்வரகு, அவரை, துவரை, கொள்ளு, வேர்க்கடலை ஆகியவையே இந்த மண்ணின் செல்வங்கள். ஆகவே முந்தைய தலைமுறையில் நெல்லுச்சோறு என்பது திருநாளுக்கும் விருந்துக்கும் உரியது. அன்றாட உணவு களியும் கூழும்தான்.

நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, மரத் துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, உருண்டைகளாக உருட்டுவது களி. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் அதற்கு முத்தே என்று பெயர். தெலுங்கு பேசுவோர் சங்கடி என்பர். மூன்று மொழியாரும் ஒரே விதியைச் சொல்லுவார்கள்: களியை மெல்லக் கூடாது, கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும். பல்லிழந்த முதியோருக்கு இதைவிட இணக்கமான உணவு ஏது?

களிக்குத் துணையாக வருபவை கீரைக் கடைசல், கொள்ளு ரசம், வேர்க்கடலைத் துவையல், அவரைக்கொட்டைக் குழம்பு ஆகியவை. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக் கொட்டைகளை இரவில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்புக்குத் தனிச்சிறப்பு உண்டு. அந்தப் பிதுக்கும் வேலை பெரும்பாலும் வீட்டு முதியவர்களுடையதே.

கேழ்வரகுக்கும் அவரைக்கும் அப்படி என்ன உறவு? இந்தப் பகுதியின் உழவர்கள் கேழ்வரகு விதைக்கும்போதே இடையிடையே சாலாக அவரையும் விதைப்பார்கள். ஒரே மழையில் முளைத்து, ஒரே மண்ணில் வளர்ந்த இரண்டும் ஒரே தட்டில் வந்து சேர்ந்தன. முன்னோரின் உணவுச் சேர்க்கைகள் பலவற்றுக்கும் காரணம் இப்படி எளிமையானதே. அந்தந்தப் பருவத்தில் எது கிடைத்ததோ, அது அந்தப் பருவத்துத் தானியத்தோடு சேர்ந்தது. வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று துணையானது, மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரிச் சீமையில் வியப்பில்லையே! மாங்காயில் உள்ள வைட்டமின் சி, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிகிறது என்று இன்றைய ஊட்டச்சத்து இயல் கூறுகிறது. முன்னோருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அந்தச் சேர்க்கை தெரிந்திருந்தது.

மிஞ்சிய களியும் வீணானதில்லை. இரவு நீரில் ஊறப்போட்டு, காலையில் மோரும் உப்பும் கலந்து கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். களியோடு வெல்லம் சேர்ந்ததும் இப்படித்தான். குழம்பு வைக்கப் பருப்பும் காயும் இல்லாத நாளில், அழும் குழந்தைக்கு ஒரு துண்டு வெல்லத்தைக் களியில் பொதிந்து கொடுத்தாள் தாய். அந்தக் குழந்தைதான் இன்று எண்பது வயதுப் பாட்டி. அவர் கேட்பது வெல்லத்தை மட்டுமா? அதைப் பொதிந்து கொடுத்த கையையும் சேர்த்தே கேட்கிறார்.

இராமபிரான் தீர்ப்பளித்த தானியம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது தாது வருடப் பஞ்சம். அன்று கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டம் அதில் மிகவும் துன்புற்றது. அந்தப் பஞ்சத்தின் கதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டன. ஒரு பருக்கையைக் கீழே சிந்தினாலும் பதறி எடுக்கும் பழக்கம் அந்தக் கதைகளில் பிறந்ததே.

கேழ்வரகின் பெருமை பஞ்ச காலத்தில்தான் விளங்கும். நன்கு காயவைத்த கேழ்வரகை எளிதில் பூச்சி அண்டாது. பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். மைசூர்ச் சீமையில் நிலத்தடிக் குழிகளில் அதைச் சேமித்துவைக்கும் வழக்கம் இருந்தது.

இந்த உண்மையையே ஒரு பக்திக் காவியமாக்கினார் கனகதாசர். உடுப்பியில் கண்ணபிரான் தம் பக்கம் திரும்பி நின்று காட்சி தரப் பெற்றவர் என்று பக்தர்கள் போற்றும் அந்த 16-ஆம் நூற்றாண்டு அடியவர், கன்னடத்தில் இராமதான்ய சரித்திரம் என்னும் நூலை இயற்றினார். இலங்கைப் போர் முடிந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில், இராமபிரானுக்கு முனிவர்கள் பலவகைத் தானியங்களால் ஆன உணவைப் படைக்கிறார்கள். தானியங்களில் சிறந்தது எது என்ற கேள்வி எழுகிறது. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் வாக்குவாதம் மூள்கிறது. “நான் வேள்விக்கும் விருந்துக்கும் உரியவன்” என்று நெல் இறுமாந்து பேசுகிறது. “மழையற்ற காலத்தில் ஏழையைக் காப்பவன் நான்” என்கிறது கேழ்வரகு. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்குமாறு ஆணையிடுகிறார் இராமபிரான். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், நெல் நலிந்து கிடக்கிறது. கேழ்வரகோ வாட்டமின்றி நிற்கிறது. இராகவன் தன் பெயரையே அதற்கு அருளினான். அதனால்தான் அது ராகி ஆயிற்று என்கிறது காவியம்.

எளியோரின் உணவை இறைவன் உயர்த்திய கதை இது. மத்தூர்ப் பகுதியிலும் ஓசூர்ப் பகுதியிலும் கேழ்வரகை ராகி என்றே அழைக்கும் முதியோர் பலர். ஒவ்வொரு முறை அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதும், அறிந்தோ அறியாமலோ இராமநாமத்தின் நிழலைத் தொடுகிறார்கள்.

காலம் சுழன்று வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் அண்டையிலுள்ள தருமபுரியிலும் நீலகிரியிலும், ரேஷன் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் குடும்பத்துக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. எலும்பு தேயும் வயதினருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. தட்டைப் பார்த்துச் சிரித்த பேரன், நகரத்து உணவகத்தில் அதே களியை விலை கொடுத்து உண்கிறான்!

யுகாதிக் காலையில் ஒரு பாடம்

விந்தையான சேர்க்கை என்றால், வேப்பம்பூவும் வெல்லமும் சேர்வதைவிட விந்தை எது? ஆயினும் அதைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. கண்ணில் ஒற்றி வாயிலிட்டுக்கொள்கிறார்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்த எல்லைப் பகுதியில், பங்குனி அமாவாசைக்கு மறுநாள் யுகாதி. கன்னட வீடுகளில் வேப்பிலை அல்லது வேப்பம்பூவோடு வெல்லம் சேர்த்துத் தருவார்கள். பேவு–பெல்லா என்பது அதன் பெயர். பேவு வேம்பு, பெல்லா வெல்லம். தெலுங்கு வீடுகளில் வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் ஆகிய ஆறும் சேர்ந்த பச்சடி. சில நாள் கழித்துச் சித்திரை முதல் நாளில், தமிழ் வீடுகளில் மாங்காய்ப் பச்சடியின் மேல் நெய்யில் வறுத்த வேப்பம்பூ விழும். மூன்று அடுப்புகளிலும் ஒரே பாடம்தான்: வரும் ஆண்டில் இன்பமும் துன்பமும் கலந்தே வரும், இரண்டையும் ஒரே வாயில் ஏற்றுக்கொள்.

இதிலும் பருவத்தின் கணக்கு உண்டு. வேம்பு பூப்பதும் மா காய்ப்பதும் அப்போதுதான். தையில் ஆட்டிய கரும்பின் புது வெல்லம் வீட்டில் இருக்கும். மண் கொடுத்ததை எல்லாம் ஒரு கிண்ணத்தில் கூட்டி, அதற்கு ஒரு பொருளும் கண்டார்கள் முன்னோர்.

அடுத்து வரும் ஸ்ரீராமநவமியைப் பாருங்கள். ஒரு கையில் வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம். மறு கையில் உப்பும் பெருங்காயமும் இட்ட நீர்மோர். கூடவே ஊறிய பாசிப்பருப்பு. இனிப்பைக் குடித்த மறுகணம் உவர்ப்பு! கோடை வெயிலில் வியர்வையாக வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய இதைவிட எளிய வழி இல்லை. எதிரெதிர்ச் சுவைகளை ஒன்றாகத் தருவது சந்நிதியில் மரபாக இருக்கும்போது, வீட்டில் மட்டும் அது எப்படி விந்தையாகும்?

சந்நிதியில் கலந்த சுவைகள்

மார்கழித் திருவாதிரையன்று வீடுதோறும் செய்யப்படும் களி, அரிசியும் பருப்பும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த இனிப்பு. அதற்குத் துணையோ, புளியும் காரமும் கொண்ட ஏழுகறிக் கூட்டு. இனிப்புக்குக் குழம்பா என்று முதன்முறை காண்போர் திகைப்பர். ஒரு வாய் உண்டவர் பிறகு கேள்வி கேட்பதில்லை.

அந்தக் களிக்குப் பின்னால் நிற்பவர் சேந்தனார். தில்லையின் அருகே விறகு விற்று வாழ்ந்த அவர், நாள்தோறும் ஓர் அடியவருக்கு அமுதளித்த பின்பே தாம் உண்பது வழக்கம். ஒருநாள் பெருமழை. விறகு நனைந்துவிட்டது, விற்றுக் காசாக்க வழியில்லை. அரிசி வாங்க முடியாத நிலையில், வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிளறி வைத்துக்கொண்டு அடியவருக்காகக் காத்திருந்தார். நடராசப் பெருமானே முதியவர் உருவில் வந்து அதை உண்டார். மிச்சத்தையும் அடுத்த வேளைக்கு என்று கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் காலை கருவறையைத் திறந்தபோது, அங்கே களி சிதறிக் கிடந்ததாம். வறுமையில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த உணவு, இறைவனின் விருப்ப உணவாயிற்று. இன்றும் தில்லைக் கூத்தனின் திருநாள் களியின்றி நிறைவதில்லை.

கும்பகோணத்துக்கு அருகே திருநாகேசுவரத்தில் உள்ள உப்பிலியப்பன் சந்நிதியில் இன்னொரு விந்தை. அங்கே நிவேதனங்கள் யாவும் உப்பில்லாமலே தயாராகின்றன. மார்க்கண்டேய முனிவரின் மகளாக வளர்ந்த பூமிப்பிராட்டியை மணம் பேச, பெருமாள் ஒரு முதியவராக வந்தார். “இவள் சிறு பெண், உணவில் உப்புச் சேர்த்துச் சமைக்கவும் அறியாதவள்” என்று முனிவர் தயங்கினார். “அவள் உப்பின்றிச் சமைத்தாலும் உவந்து உண்பேன்” என்றார் பெருமாள். அந்த வாக்கு இன்றளவும் காக்கப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட முதியோர் பலர், தங்கள் தட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் வேளையில் அந்தப் பெருமாளை நினைத்துக்கொள்ளலாம்.

திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாரின் அன்பை நினைந்து, அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன. காஞ்சி வரதருக்கு மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் இட்லி. அழகர்கோயிலில் தோசை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் தேனும் பேரீச்சையும் ஒன்றாகின்றன. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும். கன்னட மரபு கலந்த ஊர்களில், அரிசி மாவும் வெல்லமும் பிசைந்த தம்பிட்டு. தமிழ் வீடுகளில் அதே பொருட்களால் ஆன மாவிளக்கு. விளக்கு மலையேறிய பின், நெய்யில் ஊறிக் கருகிய அந்த நடுப்பகுதிக்காகப் பேரப்பிள்ளைகளோடு போட்டி போடாத பாட்டி உண்டா?

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு சந்நிதியின் விசேஷ நிவேதனமும் யாரோ ஒருவரின் அன்பையோ, ஓர் ஊரின் விளைச்சலையோ நினைவில் வைத்திருக்கிறது. கோயில் எதையும் மறப்பதில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் அந்த உணவு அதே முறையில் தயாராகிறது. காரணத்தை அறிந்த பக்தர் கண் கலங்கி ஏற்றுக்கொள்கிறார். வீட்டு முதியவரின் விருப்ப உணவும் அப்படியே. அதற்கும் ஒரு தலபுராணம் உண்டு, கேட்பார்தான் இல்லை.

எல்லையில் பிறந்த சுவை

இரு மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அடுப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. யுகாதிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் செய்யும் ஒப்பட்டு, இதற்குச் சரியான சான்று. தமிழகத்தின் பிற பகுதிகளில் போளி எனப்படுவதே இங்கே ஒப்பட்டு. பூரணத்துக்காகப் பருப்பை வேகவைத்து வடித்த நீரைக் கொட்டிவிடுவதில்லை. அதில் புளியும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் ஒப்பட்டுச் சாறு. பூரணம் சிறிது கலந்துவிடுவதால் சாற்றில் ஓர் இலேசான இனிப்பும் இருக்கும். ஒரே பருப்பின் சாரம் சாறாகவும் சக்கை இனிப்பாகவும் மாறி, ஒரே இலையில் மீண்டும் சந்திக்கின்றன. அவற்றை மாறி மாறி உண்ணும் தாத்தா, பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிறார் என்றே சொல்லலாம்!

பெங்களூருவிலும் ஓசூரிலும் சிற்றுண்டிக் கடைகளில் சௌசௌ பாத் கேட்டால், காரமான ரவை உப்புமாவும் இனிப்பான கேசரியும் ஒரே தட்டில் அருகருகே வரும். அதை இளைஞர்களும் விரும்பி உண்கிறார்கள். உப்புமாவில் சர்க்கரை தூவிக்கொள்ளும் பாட்டியின் வழக்கமும் அதே குலத்தைச் சேர்ந்ததே. ஒன்றுக்குப் பெயர்ப்பலகை உண்டு, மற்றதற்கு இல்லை.

மாம்பழமும் மோர்ச் சோறும் சேர்வதோ கோடையின் நீதி. கிருஷ்ணகிரிச் சந்தைகளில் செந்தூராவும் பங்கனப்பள்ளியும் நீலமும், பெங்களூரா எனப்படும் கிளிமூக்கு மாம்பழமும் குவியும் நாட்களில், தனியாகக் காய் வாங்கிக் குழம்பு வைக்க வேண்டிய தேவை என்ன? புளித்த மோரின் கூர்மையைப் பழத்தின் இனிப்பு தணிக்கிறது. பாயசமும் அப்பளமும் சேர்வதற்குக் காரணம் இன்னும் எளிது: திகட்டும் இனிப்பை அப்பளத்தின் உப்பு அடக்குகிறது.

சேர்ப்பதற்கும் விதி உண்டு

முன்னோர் எதையும் எதனோடும் கலந்து உண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எவை சேரும் என்று அறிந்தவர்கள், எவை சேரா என்றும் அறிந்திருந்தார்கள். ஆயுர்வேதம் இதனை விருத்த ஆகாரம் என்கிறது. தேனையும் நெய்யையும் சம அளவில் கலக்கக் கூடாது, பாலோடு புளிப்பான பழங்களைச் சேர்க்கக் கூடாது என்று சரக சம்ஹிதை விலக்குகிறது. இரவில் கீரையும் தயிரும் ஆகா என்பது பாட்டிமார் வாக்கு. ஏகாதசி, அமாவாசை, கிருத்திகை என்று விரத நாட்களுக்கு உரிய விலக்குகள் தனி. நாவுக்கு விருப்பம் காட்டிய அதே பாட்டிதான் நாவுக்கு வேலியும் போட்டார்.

வயதானவர்கள் ஏன் இப்படி எதிரெதிர்ச் சுவைகளை நாடுகிறார்கள் என்பதற்கு உடலியலும் விடை தருகிறது. முதுமையில் முகரும் ஆற்றலும் சுவை உணரும் ஆற்றலும் மெல்லக் குறைகின்றன. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள் சிலவும் நாவின் சுவையை மாற்றுகின்றன. எல்லாம் சப்பென்று தோன்றும் அந்த நிலையில், புளிப்பின் அருகே ஓர் இனிப்பும், இனிப்பின் அருகே ஓர் உப்பும் இருந்தால் நாக்கு விழித்துக்கொள்கிறது. “மருமகள் சமையலில் ருசியில்லை” என்று முதியவர் குறைசொல்லும்போது, குறை சமையலிலும் இல்லை, சொல்பவரிடமும் இல்லை; வயதின் இயல்பில் இருக்கிறது. இதை இரு தரப்பும் உணர்ந்தால் எத்தனையோ வீடுகளில் மனக்கசப்பு தீரும்.

அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லமும் சர்க்கரையே. பஞ்சாமிர்தமும் மாம்பழமும் பிரசாத அளவோடு நிற்பது நலம். களியும் மாவுச்சத்தே ஆதலால் அளவு வேண்டும். சிறுநீரக நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் மருத்துவர் சொற்படி நடப்பதே நன்று. விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்குக் களியை இளக்கமாகக் கரைத்துக் கொடுப்பது பாதுகாப்பு. உண்டவுடன் தேநீர் அருந்தினால் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சற்று நேரம் கழித்துப் பருகலாம். இவற்றையெல்லாம் கருதிய பின்னும், விரும்பிய சேர்க்கையை விரல் நுனி அளவாவது சுவைக்க இடமுண்டு. கோயில் பிரசாதம் நமக்குக் கற்பிப்பதும் அதுவே: அளவு சிறிது, நிறைவு பெரிது.

கேட்பதும் கொடுப்பதும்

பாண்டவர் தூதனாக அஸ்தினாபுரம் வந்த கண்ணன், துரியோதனன் அளித்த பெருவிருந்தை மறுத்து விதுரர் இல்லத்தில் உண்டான் என்கிறது பாரதம். அதையொட்டிப் பக்தர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கண்ணனைக் கண்ட பரவசத்தில் விதுரரின் மனைவி, வாழைப்பழத்தை உரித்துப் பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கண்ணன் கையில் கொடுத்தாராம். கண்ணனும் அதை மகிழ்ந்து உண்டானாம். உண்பதில் எது பொருத்தம், எது பொருத்தமில்லை என்பதைத் தட்டு தீர்மானிப்பதில்லை. கொடுக்கும் மனம் தீர்மானிக்கிறது.

வீட்டில் உள்ள முதியவரிடம் ஒரு நாள் கேட்கலாம்: “சிறு வயதில் நீங்கள் எதை எதோடு சேர்த்துச் சாப்பிட்டீர்கள்? யார் கொடுத்தார்கள்?” அந்தக் கேள்விக்கு விடையாக வருவது ஒரு சமையற்குறிப்பாக மட்டும் இராது. வறண்ட ஓராண்டும், மறைந்த ஓர் அக்காவும், இடிந்துபோன ஒரு வீட்டின் அடுக்களையும், ஊர்க் கோயில் திருவிழாவின் ஓர் இரவும் சேர்ந்து வரும். பேரப்பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். வாரத்தில் ஷிப்டு இல்லாத ஒரு நாளில் அதைச் செய்து, இறைவனுக்குப் படைத்து, அவரோடு அமர்ந்து உண்ணலாம்.

முதியோருக்கும் ஒரு சொல். விரும்பியதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தில்லைக் கூத்தனே மிச்சக் களியைக் கேட்டு வாங்கிச் சென்றான். திருநாகேசுவரத்துப் பெருமாளோ முதியவராக வந்துதான் வேண்டியதைப் பெற்றார். கேட்பது குறையன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாய்ப்பை அளிப்பதும் ஒரு பெரியோர் கடமையே. யுகாதியன்று வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்து அவர்கள் உள்ளங்கையில் வைக்கும்போது, களியும் வெல்லமும் சேர்ந்த கதையையும் சொல்லிவையுங்கள். கசப்பை இனிப்போடு சேர்த்து விழுங்கக் கற்றவர்கள் நீங்கள். அந்தக் கல்வி உங்களோடு முடிந்துவிட வேண்டியதில்லை.